வீட்டிலே வானப்பிரஸ்தம்

தோல் திரைந்து, தலை நரைத்து, மகனுக்கு மகன் பிறந்ததையும் கண்டுவிட்ட கிருகஸ்தன் வீட்டைத் துறந்து வனம் புக வேண்டும் என்று மனு முதலிய தர்மசாஸ்திரகாரர்கள் விதித்தார்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் இந்த விதியை ஏட்டிலே படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் இருக்கும் எங்களுக்கோ அந்த வனம் மேற்குத் திசையில் தினந்தோறும் கண்ணெதிரே நிற்கிறது. வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டிப் போனால் தாணிப்பாறை. அதற்கு மேலே, சித்தர்கள் வாசம் செய்வதாக உலகம் நம்பும் சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க வரும் ஜனங்களில் எழுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனையோ பேர் கோலூன்றி, வழுக்குப்பாறையையும் கடந்து மேலே போய், சுவாமியைச் சேவித்து, இறங்கி, அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வனம் புகுந்தவர் வனத்திலேயே தங்கும் வழக்கம் போயிற்று. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலையில் அதற்கு இடமும் இல்லை. ஆகவே, சாஸ்திரம் காட்டுக்கு அனுப்பிய முதுமை முழுவதும் இன்று வீட்டிற்குள்ளேயே கழிந்தாக வேண்டும். அந்த வீடு அதற்குத் தகுதியாக இருக்கிறதா என்பதைக் கொத்தனாரும் ஆசாரியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமென்று நாம் தள்ளிவிடுகிறோம். அது தர்ம விசாரத்துக்கு உரிய கேள்வி என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

காட்டுக்குப் போன முதியவர்களின் சரித்திரத்தைப் பாரதம் ஒளிக்காமல் சொல்கிறது. யுத்தம் முடிந்து பதினைந்து வருஷ காலம் பாண்டவர்களின் அரண்மனையிலேயே இருந்துவிட்டு, கண்ணில்லாத திருதராஷ்டிரன் காந்தாரியோடும் குந்தியோடும் வனம் புகுந்தான். கடைசியில் மூவரும் காட்டுத் தீக்கு இரையானார்கள். வனவாசம் பத்திரமான வாழ்வென்று அவர்களும் நினைக்கவில்லை, விதித்தவர்களும் சொல்லவில்லை. பத்திரத்தையே துறப்பது அந்த ஆசிரமத்தின் உள்ளுறை. ஆனால் துறவு என்பது தானாக மனம் வந்து செய்வது. வீட்டிலே இருக்கும் எழுபத்தெட்டு வயதுக் கிழவி ஈரத் தரையில் கால் வழுக்கி இடுப்பு முறிந்து கிடப்பதற்குத் துறவு என்று பெயர் கிடையாது. அவள் எதையும் துறக்கவில்லை, அவளிடமிருந்து பறிக்கப்பட்டது.

அப்படியானால், வனத்துக்குப் போகாதவர்களுக்கு வானப்பிரஸ்தம் என்பது என்ன? அதிகாரத்தை இளையவர்களிடம் கொடுத்துவிடுவது, தேவைகளைக் குறைத்துக்கொள்வது, நாளின் பெரும்பகுதியைத் தியானத்திலும் பாராயணத்திலும், அது இயலாதவர்கள் வெறும் மௌனத்திலும் கழிப்பது. இவை யாவும் வீட்டிலே இருந்துகொண்டே கைகூடக்கூடியவை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விடியலில் எழுந்து, கொல்லைக்குப் போய், குளித்து, திருநீறோ திருமண்ணோ இட்டு, விளக்கேற்றி உட்காருகிற வரையில், ஒவ்வோர் அடிக்கும் இன்னொருவரைக் கூவி அழைக்காமல் அந்த மனிதர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி வீடு இருக்க வேண்டும். நித்திய கர்மாவுக்கு முதலில் வேண்டியது நித்தியம் கிட்டும் குளியலறை. அது பயமில்லாமல் அடைய முடியாத இடத்தில் இருந்தால், ஆசாரமும் அநுஷ்டானமும் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோவதை நாம் நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். முன்பு நாள் தவறாமல் குளித்தவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கிறார். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு மேல் துடைத்துக்கொள்வதோடு சரி. சோம்பல் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில் அது அச்சம்.

இந்த அச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயது முதிர்ந்தவர் விழுந்தால் அடிக்கடி முறிவது தொடையெலும்பின் கழுத்து. இடுப்பு மூட்டில் பொருந்தும் அந்தக் குறுகிய பாகம், எலும்பின் சத்துக் குறைந்த காலத்தில், நின்ற நிலையிலிருந்து விழுவதைக்கூடத் தாங்குவதில்லை. சிகிச்சை செய்யாவிட்டால் படுக்கை. படுக்கையானால் படுக்கைப்புண், மார்ச்சளி, மூத்திரக் கோளாறு என்று ஒன்றன்பின் ஒன்று. ஆனால் எலும்பு முறியாமல் தப்பித்தவருக்கும் ஒரு முறிவு ஏற்படுகிறது. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று அவர் நடையைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறையக் குறையக் கால் தசை சோர்கிறது. சோர்ந்த கால் மறுபடி விழ வைக்கிறது. உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் விழுந்து இறப்பவர்கள் சுமார் 6,84,000 பேர் என்றும், அவர்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களே அதிகமென்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே இரவு பகலாகத் தறிகள் ஓடி, மருத்துவமனைகளுக்கென்று கட்டுத்துணி நெய்து அனுப்புகின்றன. அந்தத் தொழில் செழிக்கட்டும். ஆனால் அந்தத் துணியில் நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நெய்யப்படுகிற முழங்கள் குறைய வேண்டுமென்று ஆசைப்படுவதில் தவறில்லை.

நம் பக்கத்தில் முதியவர்கள் விழுகிற சந்தர்ப்பங்களை நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. அவற்றில் பல, பக்தியும் ஆசாரமும் உள்ள சந்தர்ப்பங்கள். மார்கழி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி இருப்பதால், மார்கழி எங்களுக்கு மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஒருபடி அதிகமான மாதம். நான்கு மணிக்கே எழுந்து, விளக்கைப் போட்டால் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களே என்று இருட்டிலேயே சுவரைத் தடவி நடந்து, வாசல் தெளித்து, அந்த ஈரம் உலருமுன் குனிந்து புள்ளி வைக்கும் மூதாட்டியைப் பாருங்கள். அவள் காலில் செருப்பில்லை. குனிந்தவள் நிமிரும்போது ஒரு கணம் தலை சுற்றுகிறது. பிடித்துக்கொள்ள எட்டும் தூரத்தில் ஒன்றுமில்லை. குளித்துவிட்டு மடியாக ஈரப் புடைவையோடு பளபளக்கும் டைல்ஸின் மேல் பூஜை அறைக்கு நடப்பவள் அவளே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அவள் கணவரின் உள்ளங்காலிலும் குளியலறைத் தரையிலும் எண்ணெயும் சீயக்காயும் கலந்து கிடக்கின்றன. குத்துவிளக்கிலிருந்து சிந்திய எண்ணெய் பூஜை அறைத் தரையில் படிந்திருக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குச் சேருகிற ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேருகிறது என்று கண்ணின் இயல்பை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே நமக்கு மங்கலாகத் தெரியும் அறை அவர்களுக்கு ஏறக்குறைய இருள். வழுக்குப்பாறையைக் கடந்து மலைக்குப் போய்வந்தவர்கள் தம் வீட்டுக் குளியலறையில் விழுந்து எழாமற்போனதை நான் அறிவேன். மலையிலே அவர்கள் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தார்கள், கையில் கோல் இருந்தது, முன்னும் பின்னும் மனிதர்கள் இருந்தார்கள்.

இந்த வீடுகளைத் திருத்தலாம் என்று யாராவது சொன்னவுடனே எழும் முதல் ஆட்சேபம் சமயத்தின் பெயரால் எழுகிறது. அதை அலட்சியம் செய்வது நியாயமன்று. எங்கள் தெருவில் பழைய நாட்டு ஓட்டு வீடொன்றில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சிக்காக, அவருடைய பிள்ளைகள் கொத்தனாரை அனுப்பியிருந்தார்கள். தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்து நின்ற நிலைப்படியில் அவர் இரண்டு தடவை தடுக்கியிருந்தார். கொத்தனார் வாசலில் குந்தி உட்கார்ந்து, உளியை எடுத்து வைத்துக்கொண்டு, “ஆச்சி, இந்தப் படியை அறுத்து எடுத்துட்டாத் தரை சமமாயிரும், எடுத்துரட்டுமா?” என்றார். “நிலையில கை வைக்காதப்பா. மகாலட்சுமி இருக்கிற இடம். இந்தப் படியில மிதிச்சுத்தான் நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேன்னு நினைக்காத, தாண்டித்தான் வந்தேன்” என்றார் ஆச்சி. கொத்தனார் உளியைப் பையில் போட்டுவிட்டார். சிறிது நேரம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “சரி ஆச்சி, படி இருக்கட்டும், தரையை ஏத்திருவோம்” என்று, உள்ளும் புறமும் மும்மூன்று அடி தூரத்துக்குச் சொரசொரப்பான சிமெண்டுச் சரிவு ஒன்றைப் படியின் மட்டத்துக்குப் பூசிக் கொடுத்தார். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது உலகமெங்கும் சாய்தளத்துக்குக் கொள்ளும் கணக்கு. மூன்று அங்குலத்துக்கு மூன்றடி. நூல் எதுவும் படிக்காத அந்த மனிதரின் கைக்கு அது தெரிந்திருந்தது. நிலைப்படி அறுபடவில்லை, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் நிற்கவில்லை, ஆச்சியின் காலும் இடறுவதில்லை.

அந்த மஞ்சளைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. மட்டம் மாறுகிற இடத்தில், படியின் விளிம்பில், தரையின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்ட நிறத்தைப் பூச வேண்டுமென்று முதியோர் இல்லங்களை அமைப்பவர்கள் இப்போது வற்புறுத்துகிறார்கள். மங்கிய கண் அந்த விளிம்பைக் கண்டுகொள்ளும் என்பதே காரணம். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்ததும், திண்ணை விளிம்பிலும் கோவில் படிகளிலும் சுண்ணாம்பும் காவியும் மாறிமாறிப் பட்டை தீட்டியதும் மங்கலத்துக்காகவே செய்யப்பட்டன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மங்கலம் கிழவிகளின் பாதங்களையும் காத்து வந்திருக்கிறது. பழைய வீட்டில் உட்காரத் திண்ணை இருந்தது, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளத் தூண் இருந்தது, ஈரத்தை உறிஞ்சும் தரை இருந்தது. கொல்லைக்கோடியில் இருந்த கக்கூஸும் கிணற்றடியின் பாசியும் ஆபத்தாகவும் இருந்தன. புதிய வீடு அந்த ஆபத்துகளை நீக்கிற்று. திண்ணையையும் தூணையும் சேர்த்து நீக்கிவிட்டு, கண்ணாடி போன்ற தரையைக் கொடுத்தது. ஆகவே பழமையையோ புதுமையையோ முழுவதும் புகழ நான் தயாராக இல்லை.

கழிவறை விஷயத்தில் ஆட்சேபம் இன்னும் ஆழமானது. வீட்டுக்குள்ளே, அதிலும் பூஜை அறைக்குப் பத்தடி தூரத்தில், அசுத்தமான இடம் இருக்கலாமா என்று வைதிகமான முதியவர் கேட்கும்போது, அவருடைய வாழ்நாள் முழுவதையும் ஒழுங்கு செய்த ஒரு சுத்த உணர்ச்சி அங்கே பேசுகிறது. அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் கொடுமை. ஆசாரம் என்பது சரீரத்தின் சக்திக்கு உட்பட்டது என்று நம் முன்னோர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிக்கும் வயோதிகருக்கும் ஸ்நானத்திலும் உபவாசத்திலும் விலக்குகள் உண்டு. நீராட முடியாதவருக்கு விபூதி ஸ்நானம் உண்டு. இந்த இளக்கத்தைக் கற்பித்த அதே கருணை, மழை இரவில் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்கோடிக்குப் போக வேண்டாம், படுக்கைக்குப் பக்கத்தில் போய்க்கொள் என்றும் சொல்லும். குந்தி எழ முடியாத முழங்காலுக்குச் சுமார் பதினெட்டு அங்குல உயரமுள்ள கமோடு. இடித்துக் கட்டப் பணமில்லாத வீட்டில், இருக்கிற கழிவறையின் மேலேயே வைத்துக்கொள்ளும் ஓட்டை நாற்காலி. பக்கச் சுவரில் செங்கல்லுக்குள் ஆழமாக ஊன்றப்பட்ட கைப்பிடி. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியென்று நம்பிப் பிடித்து, அது டைல்ஸோடு பெயர்ந்து வர, விழுந்தவர்கள் பலர். அந்தக் கம்பி துண்டின் பாரத்துக்காக வைத்தது, மனிதருடைய பாரத்துக்காக அன்று.

“எல்லாம் விதிப்படி நடக்கும், விழ வேண்டுமென்று இருந்தால் சமதரையிலும் விழுவான்” என்பார்கள் சிலர். இதைச் சொல்பவர்கள் தம் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டவர்கள் அல்லர். குழந்தை தவழத் தொடங்கியதும் வாசலில் பலகை வைத்து அடைத்தவர்கள். குழந்தைக்கு ஒரு விதியும் கிழவருக்கு ஒரு விதியுமாகச் சாஸ்திரம் சொல்லவில்லை. வீட்டிலுள்ள இடர்களைத் தேடிக் களைந்த ஆராய்ச்சிகள் பலவற்றையும் தொகுத்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஒரு விரிவான பரிசீலனை, அத்தகைய திருத்தங்களால் விழுகைகள் நூற்றுக்கு 26 அளவு குறைந்தன என்றும், முன்பே விழுந்தவர்கள் முதலிய அதிக ஆபத்திலிருப்பவர்களிடையே 38 அளவு குறைந்தன என்றும் கண்டிருக்கிறது. நான்கில் ஒன்றைத் தடுக்கக் கூடியது கையில் இருக்க, அதையும் விதியின் கணக்கில் எழுதுகிறவர் விதியின் பெயரால் தம் கடமையைக் கைவிடுகிறார் என்றே நான் சொல்வேன்.

விதிவாதத்தைவிட எனக்கு அதிக யோசனை தந்தது வேறொரு சங்கடம். பிறர் கையை எதிர்பாராமல் இருக்க வேண்டுமென்று முதியவர் ஆசைப்படுவது அகங்காரத்தின் மிச்சமா? ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தத்தில் ஜீவாத்மாவின் ஸ்வரூபமே பாரதந்திரியம். தன்வசப்பட்டிருப்பதாக நினைப்பதே மயக்கம். அப்படியிருக்க, யாரையும் சாராதிருக்கக் கைப்பிடி வைப்பது அந்த மயக்கத்துக்கு இரும்பினால் முட்டுக் கொடுப்பதாகாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்காட்டி வந்த இரண்டு நியாயங்கள் நினைவுக்கு வருகின்றன. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் எங்கே தாவினாலும் பிடி தளராதவரையில் அதற்குக் கவலையில்லை. பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே பிடரியைக் கவ்வி எடுத்துக்கொண்டு போகிறது. இறைவனுடைய அருளைப் பெற ஜீவன் பற்ற வேண்டுமா, அல்லது விலக்காமல் இருந்தால் போதுமா என்பது அங்கே வழக்கு. அந்த வழக்கைத் தீர்ப்பது என் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆனால் முதுமையைப் பொறுத்த வரையில் இரண்டும் உண்மை. ஒன்றன்பின் ஒன்றாக வருகிற உண்மைகள். எழுபதிலும் எழுபத்தைந்திலும் மனிதர் பற்றிக்கொண்டு வாழ்கிறார்; எண்பத்தைந்தில் எடுத்துச் செல்லப்படுகிறார். முதற்பருவத்தில் அவருக்கு வேண்டியது பற்றுவதற்கு ஒரு பிடி. இரண்டாம் பருவத்தில் வேண்டியது, எடுத்துச் செல்பவர் திணறாமல் எடுத்துச் செல்லும்படியான வழி.

பாரதந்திரியம் பகவானிடத்தில் வேண்டிய குணம். ஒரு சொம்புத் தண்ணீருக்கு மருமகளின் முகத்தைப் பார்த்து, அவள் இன்று என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று அளந்து, கேட்பதா வேண்டாமா என்று அரைமணி நேரம் தயங்கிக்கொண்டிருக்கும் கிழவருடைய சித்தம் பகவானிடத்தில் இல்லை. அது மனிதர்களின் புருவங்களிலே சிக்கிக் கிடக்கிறது. கைப்பிடியும் வெளிச்சமும் அந்தச் சிக்கலிலிருந்து அவரை விடுவிக்கின்றன. மறுபக்கத்தில், கால் தள்ளாடும் காலத்தும் கோலைத் தொட மாட்டேன் என்பவரிடம் இருப்பது வீம்பு. விலக்காமை என்ற அந்தப் பூனைக்குட்டியின் இயல்பை அவர்தான் கற்க வேண்டும். புத்தர் பெருமான் தம் முதுமையில், கூடியிருந்த சபையிலே, முதுகு வலிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, உபதேசத்தைச் சாரிபுத்திரரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துக்கொண்டதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. ஞானிக்கே அது குறைவில்லையென்றால் நமக்கு என்ன?

எடுத்துச் செல்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையைப் புகழாத சமயம் இல்லை. ஆனால் அந்தப் பணிவிடையை நம் வீடுகளில் செய்கிறவள் பெரும்பாலும் மருமகள் அல்லது விதவையான மகள். தாழ்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து கனத்த உடம்பொன்றைத் தினம் பத்துத் தடவை தூக்கி உட்காரவைத்து, இரண்டடி அகலக் கதவுக்குள் பக்கவாட்டில் நெருக்கிக் கொண்டுபோகும் அவளுடைய முதுகெலும்பைப் பற்றி எந்தப் பிரசங்கியும் பேசிக் கேட்டதில்லை. கட்டில் அவள் இடுப்பளவுக்கு உயரக்கூடியதாகவும், கதவு சக்கர நாற்காலி நுழையும்படி மூன்றடி அகலமாகவும், முதியவரின் அறை மச்சில் இல்லாமல் கீழேயும் இருந்தால், அந்தச் சேவை அவளுடைய உடம்பை அழிக்காமல் நடக்கும். ஒருவருடைய தர்மம் இன்னொருவருடைய சரீரத்தைத் தின்று வளரக் கூடாது.

பெரியாழ்வார் அவதரித்த மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவரை நினைக்காமல் இந்த விஷயத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. நந்தவனம் வைத்து மாலை கட்டிய அந்த மகான், அரங்கனைப் பாடிய ஒரு பதிகத்தில், உயிர் பிரியும் வேளையில் இளைத்துக் கிடக்கும் தன்னால் நினைக்க முடியாமற்போகலாம், ஆகவே இப்பொழுதே சொல்லி வைத்துவிடுகிறேன் என்று விண்ணப்பம் செய்துகொள்கிறார். இதே எண்ணத்தின் மறுபாதி வராக சரம சுலோகத்தில் இருக்கிறது. உடம்பு நன்றாகவும் மனம் தெளிவாகவும் உள்ள காலத்தில் என்னை நினைத்தவன் எவனோ, அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் அந்திம காலத்தில் அவனை நான் நினைக்கிறேன் என்று வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு வாக்களிக்கிறார். அந்தப் பூமிப்பிராட்டியே ஆண்டாளாக அவதரித்தாள் என்பதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வராக க்ஷேத்திரம் என்றொரு பெயர் உண்டு என்பதும் இந்த வட்டாரத்துக் குழந்தைக்கும் தெரியும். இந்த இரண்டிலும் என்னைக் கவர்வது அவற்றின் முன்யோசனை. தளர்ச்சி வரும் என்பதை ஆழ்வார் மறைக்கவில்லை. வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் இல்லை. தெளிவுள்ள காலத்தில், தெளிவற்ற காலத்துக்காக ஒரு காரியத்தைச் செய்து வைத்தார். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. விழுந்து, அறுவை முடிந்து, வீட்டுக்கு வரும் நாளன்று கைப்பிடி வைக்க ஆள் தேடுகிறோம். அறுபது வயதில், கை கால் திடமாக உள்ள போது, தம் வீட்டைத் தாமே சுற்றிப் பார்த்து, எங்கே பிடி வேண்டும், எங்கே விளக்கு வேண்டும் என்று தீர்மானிக்கிறவர், ஆழ்வார் காட்டிய வழியில் ஓரடி நடந்தவர் என்று சொன்னால் மிகையென்று பெரியவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளின் கடமையைச் சட்டமும் சொல்லியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியவற்றைச் சேர்த்துக் கூறுகிறது. உறைவிடம் எப்படி இருக்க வேண்டுமென்பதைப் பிள்ளைகளின் மனச்சாட்சிதான் நிரப்ப வேண்டும். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதற்குப் பிறகு அந்த விகிதம் ஏறியிருக்கிறது. ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்திய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலே, வீட்டைத் திருத்திக்கொள்ள இரண்டு லட்சம் யென் வரையில் செலவை ஏற்க வழி வைத்தார்கள். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு முதல், அரசாங்க அடுக்குவீடுகளில் உள்ள முதியவர்களுக்குக் கைப்பிடியும், வழுக்காத தரைப்பூச்சும், சாய்தளமும் பெரும்பகுதி அரசின் செலவில் அமைக்கப்படுகின்றன. அந்த வீடுகளில் நம் தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கே தம் வீட்டுக்குளியலறையில் அவற்றைத் தினம் பார்க்கிற பிள்ளை, ஊரில் தனியாக இருக்கும் தாய்க்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறான், தீபாவளிக்குப் பட்டுப் புடைவையும் அனுப்புகிறான், கைப்பிடியை மட்டும் மறந்துவிடுகிறான்.

நினைவு வந்து அனுப்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்காமல் அவர்கள் வீட்டைத் திருத்தக் கூடாது. நாற்பது வருஷமாக ஓரிடத்தில் இருந்த அரிசிப் பானையையும், ஊஞ்சலையும், கணவர் உட்கார்ந்த நாற்காலியையும் ஒரே நாளில் அப்புறப்படுத்திவிட்டு, “உங்கள் நன்மைக்குத்தான்” என்று சொன்னால், இருட்டிலும் தெரிந்திருந்த வீடு பகலிலும் தெரியாத வீடாகிவிடும். “நான் என்ன நோயாளியா?” என்று தகப்பனார் கேட்டால் அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்லிவிட்டு, எந்த உயரத்தில் கை இயல்பாகப் போய் நிற்கிறது என்று அவரையே நிற்கவைத்துப் பார்த்து, அந்த உயரத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாமென்று பிள்ளைகள் சொல்வார்கள், கழற்றக் கூடாது. மானம் உடம்பின் ஒரு பகுதி. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும், உள்ளே விழுந்தவர்மேல் இடிக்காமல் வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் ராஜபாளையத்துக் கடைகளில் சொன்னால் வரவழைத்துக் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்று கேட்டால், ஆடி கழிந்து ஆவணி பிறந்தவுடன் செய்யலாம். ஆடியிலும் மார்கழியிலும் வீட்டு வேலை தொடங்குவதைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் தொடங்குவதில் பயனில்லை. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் சில நாளில் முடிகிற வேலைதான்: குளியலறையில் சொரசொரப்புத் தரை, இரண்டு கைப்பிடி, வாசலில் சரிவு, கட்டிலிலிருந்து கொல்லை வரையில் இரவெல்லாம் எரியும் சிறு விளக்குகள். ஆவணியில் பூசினால் ஐப்பசி மழை தொடங்குமுன் சிமெண்டு நன்றாக இறுகிவிடும். கார்த்திகையில் ஒரு மாதம் பெரியவர்கள் அதில் நடந்து பழகிக்கொள்ளலாம். மார்கழி முதல் நாள் நான்கு மணிக்கு எழுந்திருப்பதற்குள் கால் அந்தச் சரிவைத் தெரிந்துகொண்டிருக்கும்.